முன்னிலையில்

தொண்டி ஜெட்டி ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கு மேலே
ஒற்றை அறை. வாடகை மூவாயிரத்து இருநூறு.
கீழே மோட்டார் ஓடினால்
மேலே மேசை நடுங்கும்.
முத்திரை குத்தும் கை
அந்த நடுக்கத்துக்குப் பழகிவிட்டது.

பலகையில் என் பெயர்: ஆ. ஜெனோவா, பி.ஏ., பி.எல்., நோட்டரி.
உப்புக்காற்று முதலில் தின்றது
நோட்டரியின் கொம்பை.
இரண்டு மாதம் நான் நாட்டரி.
யாரும் சொல்லவில்லை,
படியேறி வந்தால்தானே சொல்வதற்கு.

எல்லோரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள்.
அங்கே வெற்றுத்தாளிலும் முத்திரை விழும்.
ஆள் வேண்டாம், ஆதார் நகல் போதும்,
பத்து ரூபாய் குறைவும்கூட.

ஒரு சனிக்கிழமை பூமிபாலன் வந்தான்,
கக்கத்தில் ஒன்பது தாள்.
தடைக்கால நிவாரணம். பெயரில் எழுத்துப்பிழை
என்று சத்தியம் செய்யும் தாள்கள்.
"ஆளுங்க எங்க?"
"கடல்ல."
"கையெழுத்து?"
"அதெல்லாம் போட்டாச்சு."

ஒன்பது பேரும்
ஒரே பேனாவில், ஒரே சாய்வில்,
கடைசி எழுத்தின் வாலை ஒரே மாதிரி சுழித்திருந்தார்கள்.
ஒரே பெஞ்சில் படித்திருப்பார்கள் போலும்.

"தாளுக்கு நூறு கூடத் தர்றேன் மேடம்.
இதுல யாரு குடி கெடப் போகுது?"

எந்தக் குடி கெட்டது என்று எனக்குத் தெரியும்.
தொழிலுக்கு வந்த முதல் வருடம்,
பதிவேட்டில் வரிசை எண் நாற்பத்தேழு.
நம்புதாளை மனைக்குப் பட்டா மாற
அக்காவுக்கு ஆட்சேபணை இல்லையாம்.
"காய்ச்சல் மேடம், ஆட்டோவுல இருக்கா, படி ஏற முடியல"
என்றான் தம்பி.
சன்னலில் எட்டிப் பார்த்தேன்.
ஆட்டோவுக்கு வெளியே
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முந்தானை.
குத்திவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, திருவாடானை கோர்ட்டில்:
"ஜொகரா பீவியை நேரில் பார்த்தீர்களா?"
"முந்தானையைப் பார்த்தேன்."
கோர்ட்டே சிரித்தது.
சுவரோரம் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.
ஜொகரா பீவியை
அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பதிவேட்டில் பக்கம் கிழிக்கக்கூடாது.
எண் ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகும்
நாற்பத்தேழு அங்கேயே இருக்கிறது,
என் கையெழுத்தோடு, மிக அழகாக.

பூமிபாலனிடம் சொன்னேன்:
"நாளைக்கு விடியக்காலம் போட்டு கரைக்கு வரும்ல?
நான் ஜெட்டியில இருப்பேன்."

பதிவேடு பாலிதீன் பையில்,
முத்திரை டிபன் டப்பாவில்,
கவிழ்த்துப்போட்ட மீன்கூடையே மேசை.
செதில் ஒட்டிய கைகளைக் கழுவச் சொன்னேன்.
தாளைச் சத்தமாகப் படித்தேன்.
இரைச்சலில் கேட்கவில்லை என்றவருக்கு
மறுபடி படித்தேன்.
"கேட்டுச்சா? புரிஞ்சுச்சா? உங்க பேருதானா?"

ஆறு பேர் கையெழுத்திட்டார்கள்.
பழைய தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்து
"யாருதுங்க இது, நல்லாருக்கே" என்றார் ஒருவர்.
"எம் பேருல பிழையே கெடயாது" என்று போனார் ஏழாமவர்.
மீதி இரண்டு பெயரையும்
ஜெட்டியில் யாருக்கும் தெரியவில்லை.
டீ குடிக்கப் போன பூமிபாலன் திரும்பி வரவில்லை.

அரசு விதித்த கட்டணம், அதற்கு ரசீது.
ஈரச் சில்லறையை எண்ணி முடித்தபோது
நகரை மீன் ஒன்றை நீட்டினார் ஒருவர்.
வாங்கவில்லை.
வாங்கியிருக்கலாமோ என்று
மதியம் வெறும் ரசச்சோற்றின் முன்னால் தோன்றியது.

அடுத்த ஞாயிறு பதினோரு பேர். அதற்கடுத்து நான்கே பேர்.
மழையில் ஒருவருமில்லை.
தொழில் இப்படித்தான் வளர்ந்தது,
சில மாதம் வளராமலும்.

போன வாரம்
படியேறி வந்தாள் ஜொகரா பீவி,
மகளின் பாஸ்போர்ட்டுக்கு ஒரு உறுதிமொழி.
பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கலாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.
முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு
என் எதிரே உட்கார்ந்தாள்.
"நல்லாப் பாத்துக்கங்க" என்றாள்.

பார்த்தேன்.
இடது புருவத்தில் பழைய தழும்பு. கண்ணில் கோபம்
முழுதாகப் போயிருக்கவில்லை.
அதைப் பதிய பதிவேட்டில் கட்டம் இல்லை.

கரண்ட் இல்லாத நேரம். கீழே மோட்டார் நின்றிருந்தது,
மேசை அசையவில்லை.
முத்திரை மட்டும்
சற்றே கோணலாக விழுந்தது.