நாலரை மீட்டர்

மருதானையில், இம்தியாஸ் நானாவின் கடையில்
அடையாள அட்டையை வைத்துவிட்டு
இரண்டு நாள் வாடகைக்கு எடுத்த லென்ஸ்.
கைக்குழந்தையின் பாரம்.
துவாயில் சுற்றி, மேலே மழைக்கோட்டும் சுற்றி
முகத்துவாரத்தில் வள்ளம் ஏறும்போது
பிலேந்திரன் கேட்டார்:
"பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சோ?"

ஆவணிக் கடல் இன்னும் அடங்கவில்லை.
களனி ஆறு கக்கிய மண்நிறம்
கூடவே வந்து, வந்து,
ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல நின்றது.
அந்தப் பக்கம் நீலம்.
இந்தப் பக்கம் நான், என் வாந்தி.

மூன்று மணித்தியாலம்.
ஒரு சிறகில்லை.
"மீனில்லாத இடத்தில பறவைக்கு என்ன வேலை"
என்றார். எனக்கல்ல,
எஞ்சினுக்கு.

பிறகு வந்தன.
வடக்கிலிருந்து, தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாக,
காலை வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி
எங்களைப் பாராமல்.
கரும்பழுப்பு முதுகு. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கீற்று.
ஆலா.
எந்தப் பாறைத்தீவில் பொரித்தனவோ.
கொழும்பு அவற்றுக்கு
இடது சிறகோரம் கடந்துபோகும் ஒரு புகை.

ஒன்று மட்டும் இறங்கியது.
மிதந்து வந்த ரிஜிபோம் பெட்டி மூடியில் நின்று
அலை ஏற ஏறி, இறங்க இறங்கி,
அவசரமில்லாமல் நெஞ்சைக் கோதியது.
நூற்றுப் பன்னிரண்டு படம்.
நூற்றுப் பதினொன்றில் அடிவானம் சரிந்திருந்தது.

வெள்ளவத்தை அறையில், இரவு,
ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்க,
மிஞ்சிய ஒன்றை வெட்டத் தொடங்கினேன்.
போட்டியின் தலைப்பு: மனிதர் தொடாத கரைகள்.
முதலில் துறைமுகத்துப் பாரந்தூக்கி போனது.
பிறகு தாமரைக் கோபுரம், அந்தத் தூரத்தில்
தொண்டையில் சிக்கக்கூடிய அளவு முள்.
நங்கூரமிட்ட சீமெந்துக் கப்பல்.
வலது மூலையில் பிலேந்திரனின் முழங்கை.
ரிஜிபோமில் அச்சடித்த சிவப்பு எழுத்தைப்
புள்ளி புள்ளியாக வெள்ளையாக்கினேன்;
அது பனிக்கட்டி ஆயிற்று.
விடியும்போது
உலகத்தின் கடைசிக் கரையில் நின்றது ஆலா.
எனக்கே அங்கே போக ஆசை வந்தது.

மிச்சக் காசு கொடுக்கப் போன காலை
போனை வாங்கி, வெயிலுக்கு மறைத்துப் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
"இது எந்த நாடு பிள்ளை?"
"தூரம்," என்றேன்.
"குளிரும் போல."

போனைத் திருப்பித் தந்தவர் போகவில்லை.
"உந்தப் பெரிய கமராவால
என்ர எஞ்சினை ஒண்டு எடுத்துத் தாறியோ?
நீர்கொழும்பில ஒருத்தன் படம் கேட்டவன்.
போனில எடுத்தா துரு தெரியுது."

எஞ்சினை விற்றுவிட்டு என்ன செய்வீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
சின்ன லென்ஸ் வீட்டில்.
மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய இதற்கோ
நாலரை மீட்டருக்குள் எதுவும் தெரியாது.
ஒரு எட்டுப் பின்வைத்தேன். மங்கல்.
இன்னுமொன்று. மங்கல்.
மணல் முடிந்தது. நுரை. கணுக்கால்.
குழந்தையைத் தூக்குவதுபோல அதை உயர்த்திக்கொண்டு
முழங்கால் ஆழத்தில் நின்றபோதுதான்
கூர்மை வந்தது,
அதுவும் மூடி மட்டும்:
ஆணித்தலை, கீறல், மண்ணெண்ணெய் வழிந்த தடம்,
நீலப் பெயின்றின் மேல் கையெழுத்தில் 'டிலூசியா',
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
கொஞ்சம் கீழே இறங்கி.

"மூடியில பேர் விழுதோ?"
விழுகிறது என்றேன்.
"மகள்ற. அழிக்க ஏலுமோ?"
ஏலும் என்றேன்.

எஞ்சின் முழுதாக அடங்க
இன்னும் நாலைந்து எட்டு வேண்டியிருந்தது.
என் முதுகுக்குப் பின்னால் வரும் அலைகளை
அவர்தான் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.