எது வரை

கட்டணமில்லாச் சீட்டுக்கும்
இடம் சொல்லத்தான் வேண்டும்.
"எது வரை?" என்றார் நடத்துனர்.
கேப்பர் மலை என்றேன்.
பின்சீட்டில் ஒரு வெளியூர்க் குரல் சிரித்தது:
இதையா மலைங்கறீங்க?

உண்மைதான்.
இரண்டாம் கியரில் ஒரு திருப்பம், முந்திரித் தோப்பு,
பழம் அழுகும் வாடை,
மூச்சு வாங்குமுன் உச்சி வந்துவிடும்.
உச்சியில் சிறைச்சாலை.

கடலிலிருந்து பார்த்தவர் சிரிக்கமாட்டார்.
நான் ஒரே ஒருமுறை பார்த்தேன், ஒரு மாசி மகத்தன்று.
தேவனாம்பட்டினத்தில் படகு தள்ளினால்
முதலில் முங்குவது கரை,
பிறகு தென்னந்தலை.
காலை வெயிலில் சிவப்பாய் ஒரு கோடு மட்டும்
விடாமல் கூட வரும்.
அதுவும் போனதும்
"மலை முங்கிடுச்சி, வலைய விடு" என்பார் குப்புராசு.
தூரத்துக்கு அவரிடம் வேறு கணக்கில்லை.
திரும்புகையில் அந்தக் கோடு எழுந்தால்
உலை வைக்கச் சொல்லி போன் வரும்.

இப்போது அந்தக் கோட்டின் மேல் இருக்கிறார்.
வலைத் தகராறு. ஒரு துடுப்பு. ஒருவன் எழவில்லை.

போன வாரம்,
கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்:
லைப்ரரில அட்டை கிழிஞ்ச அகராதி ஒண்ணு.
'வரை'ன்னா மலையாம், தெரியுமா?

வரைன்னா வரைதானே,
இங்கேர்ந்து அங்க வரை.

அதுவுந்தான். கோடும் அதான், எல்லையும் அதான்.
எது மொதல்ல வந்துச்சின்னு போடல.
கடல்ல கெடந்த எவனோதான் வச்சிருப்பான்.
அவனுக்குத்தான் மலை
கோடாவும் தெரியும்,
இதுக்கு மேல போவாதன்னும் தெரியும்.

காவலர் கடிகாரம் பார்த்தார்.
குப்புராசு கம்பியோடு ஒட்டி,
குரலைத் தாழ்த்தி, பெண் பார்க்க வந்த அன்றுபோல:
ஒருத்தியக் கட்டிக்கிறதும் 'வரையறது'தானாம்.

பதினோரு வருடம் கழித்து
இதற்கா வெட்கம் என்று கேட்க நினைத்தேன்.
மணி அடித்துவிட்டார்கள்.

கைப்பையில் வக்கீல் தந்த காகிதம்:
மேல்முறையீடு முடியும் வரை.
இறங்கும் பேருந்தில் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு
கடைசிச் சொல்லையே பார்த்தபடி வந்தேன்.
குதிகாலில் செம்மண்.
திருப்பத்தில் கொஞ்ச நேரம்
மரங்களுக்கு நடுவே கடல் வந்தது.

அவருக்கு அங்கிருந்து அது தெரிகிறதா
என்று
கேட்காமலே வந்திருக்கிறேன்.