கோச்சி போகையில் மட்டும்

கொன்ராட் ஐயா விற்ற கரவனில்
எல்லா வயரும் கறுப்பு.
பிளஸ் கறுப்பு, மைனஸ் கறுப்பு,
எதற்கென்றே தெரியாமல் கூரைக்குள் போவதும் கறுப்பு.
நுவரெலியா போய்வரவென்று அவரே வயர் இழுத்தாராம்.
போனது ஒருதரம்.
பிறகு தெகிவளையில், மாமரத்தின் கீழ், இருபத்தாறு வருடம்.

இப்போது அது வெள்ளவத்தை மரைன் ட்ரைவில்
நானும் நஸ்லிமாவும் ரோல்ஸ் விற்கும் கடை.
தண்டவாளம் அந்தப் பக்கம். அதற்கும் அந்தப் பக்கம் கடல்.

செவ்வாய்க்கிழமை பைப் காற்றுக்கூட விடவில்லை.
சுவிட்சைப் போட்டால் பம்பில் ஒரு ‘டிக்’,
கதவைத் தட்ட வந்து மனம் மாறியவன் போல.
பியூஸ் பார்த்தேன், நல்லது.
நல்லதென்று தெரிந்தும் மாற்றினேன்.
பம்பைக் கழற்றிவிட்டு வயரில் மீற்றர் வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி ஆறு.
கரண்ட் வருகிறது, பம்புதான் செத்துப்போச்சு
என்று தீர்ப்பெழுதி
பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறினேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
புதுப் பம்பும் ‘டிக்’ என்றது.

நஸ்லிமா ஒன்றும் சொல்லவில்லை.
அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது
பதினெட்டாயிரத்து ஐந்நூறு தரம் சொல்வது.
ஒழுங்கைக்குள்ளிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தாள்.

வெள்ளி பின்னேரம்.
சுவிட்சும் பைப்பும் திறந்தபடி மறந்துபோயிருந்தன.
ஐந்தே முக்கால் பாணந்துறைக் கோச்சி
வாசலெல்லாம் ஆட்கள் தொங்கப் போனது.
கரண்டிகள் ஆடின, கோப்பைகள் இடித்துக்கொண்டன,
பைப் இருமியது.
நாலு செக்கன் தண்ணீர்.
கடைசிப் பெட்டியோடு நின்றது.

“எங்களுக்கு வராது, கோச்சிக்குத்தான் வரும்”
என்றாள் நஸ்லிமா. மூன்று நாளில் முதற் பேச்சு.

சிரிக்கும்போதே விளங்கியது.
உலுக்கினால் ஓடுவது செத்ததில்லை.

இந்தமுறை அவள் சுவிட்சைப் போட்டபடி நிற்க
ஓடப் பார்க்கும் பம்பிலேயே மீற்றரைப் பிடித்தேன்.
ஏழு புள்ளி ஒன்று.
சும்மா இருக்கையில் பன்னிரண்டு,
வேலை என்றதும் ஏழு.
என் தம்பி தர்சனுக்குப் பிடித்தாலும்
இதைத்தான் காட்டும்.

பற்றரியிலிருந்து பம்புவரை தடவிப் பார்த்தேன், பழுதில்லை.
போவது சரி. திரும்பி வரும் வழியில்தான் பிழை.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
வயிற்றை உள்ளிழுத்து நுழைந்தேன், பல்லுக்கிடையில் டோர்ச்.
அணைத்துவிட்டு அடுத்த கோச்சிக்குக் காத்திருந்தேன்,
பயணியைப் போல, ஆனால் படுத்தபடி.
காலிப் பக்கமிருந்து வந்தது. தரை நடுங்கியது.
இருட்டுக்குள் நீலமாய் ஒரு பொட்டு,
மின்னி, மின்னி, அணைந்தது.

சட்டத்தில் இறுக்கிய ஒற்றைத் திருகாணி.
உப்புக்காற்று தின்ற தலை.
வயரின் நுனியில் மயில்கழுத்துப் பச்சையில் களிம்பு.

செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்று
சைவநெறிப் பாடத்தில் எழுதி
எண்பத்திரண்டு புள்ளி வாங்கியவள் நான்.
சண்ட்பேப்பர் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
தேய்த்தேன். போனது.
புதுத் திருகாணி, பல்லு வைத்த வாஷர்,
மேலே ஒரு விரல் கிறீஸ்.
எல்லாம் சேர்த்து நூற்றி நாற்பது ரூபாய்.

பைப் முதலில் காற்றைத் துப்பியது,
பிறகு துருவை,
பிறகு, அவசரமில்லாமல், தண்ணீரை.
நஸ்லிமா முழங்கைவரை மாவைக் கழுவினாள்.
மா போன பிறகும் கழுவினாள்.

பழைய பம்பைத்தான் திரும்பப் பூட்டினோம்.
புதியது பெட்டிக்குள், ரஸ்குத்தூள் டின்னுக்குப் பக்கத்தில்.
விற்ற மின்பொருட்கள் மீள எடுக்கப்படமாட்டா என்று
கடையில் மும்மொழியிலும் எழுதியிருந்தது.
மூன்றிலும் வாசித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

இன்னமும் ஐந்தே முக்காலுக்குத்
தண்டவாளம் முணுமுணுக்கத் தொடங்கினால்
கையிலிருப்பதை வைத்துவிட்டு
கெட்டிலைப் பைப்பின் கீழ் பிடிக்கிறாள்.
வரமுன்னும், வரும்போதும், போன பிறகும்
ஒரே தடிப்பில் தண்ணீர்.
கெட்டில் வழிந்தாலும் மூடமாட்டாள்.
தாங்கியை நிரப்புவது
இந்தக் கிழமை என் முறை.