கதவைச் சாத்து

செண்டாயுஷ்,
சம்பளம் வந்தது. நாற்பதாயிரம் பிடித்திருக்கிறார்கள்,
டயருக்கு என்று எழுதியிருக்கிறது. கேட்டுப் பார்.

மாவு மூட்டையைப் பயர்மா வீட்டோடு பங்கு போட்டேன்.
சோல்மோனின் பூட்ஸ் சின்னதாகிவிட்டது,
உள்ளே இருக்கும் கம்பளியை உருவிவிட்டால்
இன்னும் ஒரு மாதம் ஓடும்.
தேயிலையை இரண்டு தரம் கொதிக்க விடுகிறேன்.
மூன்றாம் தரம் விட்டால் பில்கூன்கூடக் கண்டுபிடிக்கிறான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் நான்,
உனக்குத் தெரியும்.
இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் லாரி போகிறது.

உலான்பாதர் மேட்டில் இந்தக் கம்பளிக் கூடாரத்தில்
காசு வெளியேற ஒரே வழி கதவு.
நாள் முழுக்க ஒரே பல்லவி எனக்கு:
கதவைச் சாத்து. சோல்மோன், கதவைச் சாத்து.
உங்கப்பா ஓட்டுகிற லாரியில் இருக்கிற கரியெல்லாம்
நம் வீட்டுக்கா வருகிறது?

செவ்வாய்க்கிழமை மல்யுத்தம் போட்டார்கள்.
ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது.
சுவரில் அந்த வெள்ளை டப்பா,
மாவட்ட ஆபீஸில் கொடுத்தார்களே, விஷவாயு மணி,
சும்மாதானே தொங்குகிறது என்று
அதிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டேன்.
சும்மா இருப்பதுதான் அதன் வேலை என்று
அப்போது தோன்றவில்லை.

உன் ஊர்க்காரன் முதல் சுற்றிலேயே தோற்றான்.

ராத்திரி பூஜ்யத்துக்கு முப்பத்திரண்டு கீழே.
பன்னிரண்டு கரி உருண்டை கேட்கும் அடுப்பில்
எட்டே போட்டு,
தணல் விடியும்வரை நிற்கட்டும் என்று
புகைக்குழாயின் தகட்டை முக்கால்வாசி மூடினேன்.
கூரை வளையத்துத் துணியையும் இழுத்துக் கட்டினேன்.
நான்கு விரல் விடச் சொல்லியிருந்தாய்.
நான்கு விரலுக்கு எத்தனை துக்ரிக் என்று
மனசு கணக்குப் போட்டது.

தலை வலித்தது. பசி என்று நினைத்தேன்.
பில்கூன் வாந்தி எடுத்தான்.
நேற்றைய இறைச்சி என்று நினைத்தேன்.
எழுந்து துடைக்கணும் என்று நினைத்தேன்,
நினைத்தபடியே கிடந்தேன்,
என் கால்கள் அடுத்த வீட்டில் இருப்பதுபோல.
சுகமாகக்கூட இருந்தது.
இப்போது பயமுறுத்துவது அதுதான்.

சோல்மோனுக்கு ஒன்றுக்கு வந்திருக்கிறது.
தட்டுத்தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தவள்
வாசல் பனியிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.
கதவு திறந்தது திறந்தபடி.

குளிர் வந்து என் முகத்தில் அறைந்தது.
'கதவைச் சாத்து' என்றேனாம்.
அவள்தான் சொல்கிறாள்,
நாக்குக் குழறக் குழற மூன்று தடவை சொன்னேனாம்.
நல்லவேளை, என் மகள்
என் பேச்சைக் கேட்கவில்லை.

நாய் குரைத்த குரைப்பில் பயர்மாவின் புருஷன் ஓடி வந்து
மூன்று பேரையும் காரில் அள்ளிப் போட்டான்.
ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்,
வீட்டில் மணி இல்லையா?
இருக்கிறது என்றேன்.
மேலே கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

எல்லாரும் நலம். லாரியைப் போட்டுவிட்டு வந்துவிடாதே,
ஒருநாள் கூலி போய்விடும்.
பார், மறுபடியும்.

சோல்மோனுக்குக் கால்விரல் இரண்டில் கொப்புளம்.
கட்டோடு அந்த பூட்ஸ் நுழையவில்லை,
புதுசு வாங்கிவிட்டேன். திட்டாதே.
பேட்டரி நான்கு, ஒன்றரை ரொட்டி விலை.
இரண்டு மணிக்குள், இரண்டு மாவு டப்பாவுக்குள்.
ரிமோட் காலி. சேனல் மாற்ற எழுந்து போகிறோம்.
தகட்டை நான் தொடுவதில்லை.
கூரையில் நான்கு விரல் திறந்திருக்கிறது,
என் விரலால் அல்ல, உன் விரலால்.

இன்று காலை நாய்க்கு எலும்பு போடப் போனவள்
கதவைச் சாத்தாமல் போனாள்.
வாய்வரை வந்துவிட்டது எனக்கு.
வெள்ளை ஆவியாய் வெளியே போகிறது நம் காசு,
பத்து எண்ணும்வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு நானே போய்ச் சாத்தினேன்.