பூஜ்ஜியம் கிலோ

'இந்தக் கணினி எங்கள் தகுதிப் பட்டியலில் இல்லை'
என்றது திரை, மரியாதையாகத்தான்.
வெளியே பதினொரு வண்டி.
சந்தூரிலிருந்து டிராக்டர்,
ஜெகதேவியிலிருந்து கண்ணாடி உடைந்த ஈச்சர்,
போச்சம்பள்ளி டாடா ஏஸ் மூன்று,
எல்லாம் பெங்களூரா.
காவேரிப்பட்டணத்துக் கூழ் ஆலையின் எடைமேடை
மாலை ஆறரைக்கு ஓர் இடியோடு நின்றுபோயிருந்தது.

செத்தது வட்டு மட்டும்தான்.
புது வட்டு என் பையில் இருந்தது.
பழைய சிஸ்டத்தின் சிடியை
யாரோ டீ டம்ளருக்கு அடியில் வைத்து
வருஷக்கணக்கில் தேய்த்திருந்தார்கள்.
ஆகவே புதியது. ஆகவே இந்த மறுப்பு.

ஷிப்ட்டையும் எஃப் பத்தையும் சேர்த்து அழுத்தினால்
ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும்.
அதற்குள் மூன்று வரி எழுதினேன்.
பாதுகாப்புச் சில்லு எங்கே என்று கேட்காதே.
பூட்டு எங்கே என்று கேட்காதே.
நினைவகம் எவ்வளவு என்று கேட்காதே.
மாப்பிள்ளை வீட்டில் தரகர்
முன்கூட்டியே சொல்லிவைப்பது மாதிரி.
ஏற்றுக்கொண்டது.

நாற்பது சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் போன வருஷமே பழுது,
அதன்மேல் இப்போது மாரியம்மன் படம்.
ஜென்செட் உறுமியது.
வட்டையே காணோம் என்றது இம்முறை.
பயாஸுக்குள் போய் அமைப்பை மாற்றினேன்,
தேதி தப்பாக இருந்தது, திருத்தினேன்,
எழுபதில் கரண்ட் போனது.
மறுபடி மாற்றினேன், மறுபடி திருத்தினேன்,
காலில் உட்கார்ந்த கொசுவை அடிப்பதுபோல,
பார்க்காமலே.

ஒரு மணிக்கு முழுசாக ஏறிவிட்டது.
எடை போடும் மென்பொருளும் ஏறியது.
வெங்கடம்மாவின் டிராக்டரை மேடைக்கு வரச் சொன்னேன்.
சுவர்ப் பெட்டியில் சிவப்பு எண்கள்: 5,840.
திரையில்: பூஜ்ஜியம்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
ஒன்பது ஊசியையும் தீக்குச்சியால் நெருடினேன்.
டிரைவர் சரியில்லை என்று முனகினேன்,
டிராக்டரில் இருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.
பூஜ்ஜியம்.
ஆறு டன் மேலே நிற்க
ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிற இயந்திரத்தோடு
எந்த மொழியில் சண்டை போடுவது?
தமிழில் திட்டினேன். அம்மா வழித் தெலுங்கிலும் திட்டினேன்.
'இதுக்கு கம்பெனி சப்போர்ட்டே கிடையாது'
என்று கூட்டத்துக்கு அறிவித்தேன்.
அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு,
குற்றம் என்னுடையது அல்ல.

மூன்றாம் முறை கரண்ட் போய் வந்தபோது
அந்தத் தேதியை நின்று படித்தேன்.
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
ராத்திரி முழுக்க அது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது,
நான் திருத்திக்கொண்டே இருந்தேன்.
கண் மூடித் திறந்தால்
பிறந்த நாளுக்கே திரும்பிவிடுகிறது.
பிறக்கும்போது அதன் சீரியல் போர்ட்டை
மூடிவைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றினால், தூசிக்கும் பல்லி முட்டைக்கும் அடியில்,
எட்டணாவைவிடச் சற்றே சிறிய செல்.
முகத்தில் 2032 என்று பொறித்திருந்தது,
இன்னும் வராத ஓர் ஆண்டைப்போல.
கடை திறக்க ஏழு மணி நேரம்.

காவலாளி சென்றாயன் கொட்டாவியோடு
முதலாளியின் மேஜை டிராயரை இழுத்தான்.
சர்க்கரை பார்க்கும் கருவி.
ஊருக்கெல்லாம் மாங்கூழ் விற்கிற மனிதர்
விரல் நுனியைக் குத்திக் குத்தி
எண் பார்க்கிற கருவி.
முதுகைத் திறந்தோம். அதே செல்.

தேதி நின்றது. போர்ட் திறந்தது.
திரையில் எண் வந்தது: 5,830.
வெங்கடம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து
சாயங்காலம் சந்தூரில் போட்ட சீட்டை எடுத்தாள்: 5,860.
'ராத்திரி நின்னதுல வத்திப்போச்சு.
இந்த முப்பது கிலோவ எதுல எழுதுவீங்க?'
'மேடைக்கு மேடை முன்னப்பின்ன இருக்கும்மா'
என்றார் சூப்பர்வைசர், என்னைப் பார்க்காமல்.
அச்சுப்பொறி கிறீச்சிட்டு மூன்று பிரதி அடித்தது.

என் பில்லில் எழுதினேன்:
ஓஎஸ் ஏற்றியது, எண்ணூறு.
செல் ஒன்று, நாற்பது.
பிறகு நாற்பதை அடித்தேன், அது அவருடையதுதானே.
அந்த முப்பதுக்கு வரி இருக்கவில்லை.

டிராயரில் கருவி
முதுகு திறந்தபடி கிடந்தது.
'அடுத்த வண்டி' என்றான் சென்றாயன்.