இலவசம், நீங்களே தூக்கிச் செல்லவும்

வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தெட்டு.
பனிமேட்டில் சாய்ந்து கிடந்தது பியானோ,
கழுத்தில் அட்டை.

கராஜில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம்.
கடைசிக் கம்பிக்கு
பலகை நெளிந்து கொடுத்தது
இறுக்கிய பெல்ட்டை அவிழ்த்தாற்போல்.

ஸ்ப்ரூஸ். ஒரு விரிசல்.
ஓரத்தில் பென்சிலால் யாரோ:
"ஈரமான அறை. வீட்டுக்காரி கேட்கமாட்டாள்."

ஓடில் அதை ஆவியில் வளைத்தாள்.
எழுத்துள்ள பக்கம் உள்ளே.
எஃப் துளையில் டார்ச் அடித்தால்
"கேட்கமாட்டாள்" மட்டும் தெரியும்.

விரிசலுக்கு உள்ளிருந்து ஒட்டு.
பிசின் காய நான்கு நாள்;
எனக்குப் பொறுமை இரண்டு நாள்.

ஆம்ப்பில் செருகியதும்
தொடுவதற்கு முன்பே ஊளையிட்டது,
வயிறு முழுக்கக் காற்று.
நான் சுவிட்சுக்கு ஓடினேன்.
ஓடில் உள்ளங்கையால் கம்பிகளைப் பொத்தினாள்.

பிறகு
வேண்டுமென்றே
கையை எடுத்தாள்.