சம்பள நாள்

பீச் ஸ்ட்ரீட் அலுவலக மாடிப்படித் திருப்பத்தில்
தொங்குகிறது அந்தச் செதுக்கோவியம்.
டத்தோ இயோ ஏலத்தில் எடுத்தது.
செப்புத் தகட்டில் கீறி, மை தேய்த்து,
முந்நூற்றைம்பது வருடம் முன்பு அழுத்திய தாள்.
பினாங்குப் புழுக்கத்தில்
வானத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள்,
ரோமாபுரியில் மழைக்கு இருட்டிவிட்டது போல.

வருகிறவர்கள் நெருப்பைத்தான் பார்ப்பார்கள்.
முக்காலிச் சட்டிக்குள் கையை விட்டு
முகம் சுளிக்காமல் நிற்கிறான் மூசியஸ்.
எதிரி மன்னன் பாதி எழுந்துவிட்டான்.
தசை, துணி மடிப்பு, புகைச் சுருள்
எல்லாம் கோடுதான், கோட்டின்மேல் குறுக்குக் கோடு.
"என்ன துணிச்சல் பார்" என்பார் டத்தோ,
லிஃப்ட் இல்லாததற்குச் சமாதானம் போல.

நான் பார்ப்பது
இடது மூலையில் கிடப்பவனை.
மன்னனின் கணக்கன்.
அன்று சிப்பாய்களுக்குச் சம்பளம்.
ராஜா மாதிரியே உடுத்தி
ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து
அவன்தான் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.
வரிசை அவன் முகத்தைத்தான் பார்த்து நின்றது.
கொல்ல வந்தவன் யாரிடம் போய்க் கேட்பான்,
இதில் எவரய்யா மன்னர் என்று?
சம்பளம் தருகிறவனே ராஜா
என்று நம்பிவிட்டது கத்தி.

கவிழ்ந்த பை. ஒன்பது நாணயம்.
ஒன்று உருண்டு சட்டத்துக்கடியில் போய்விட்டது,
பாதிதான் தெரியும்.
எண்ணாமல் என்னால் படியேற முடிவதில்லை.

இன்னொன்று.
தகட்டில் வலதாய் வெட்டியது தாளில் இடதாய் விழும்.
செதுக்கியவன் மறந்தானோ, அவசரமோ,
வலக்கையை எரித்தவன்
இங்கே இடக்கையை எரிக்கிறான்.
தப்பான ஆளைக் குத்தி
தப்பான கையைச் சுட்டுக்கொண்டு
வீரனாகவே நிற்கிறான், தங்கச் சட்டத்துக்குள்.

போன மார்ச்சில் ஆள்குறைப்பு.
கிடங்கில் இரண்டு கலியபெருமாள்.
ஒரே நீலச் சட்டை.
அடையாள அட்டையில் கடைசி நான்கு எண்தான் வேறு.
கடிதம் அடித்தது நான்.
பட்டர்வொர்த் படகில் அதைப் பிரித்துப் படித்தவன்
மற்றவன்.
சிஸ்டம் தப்பு என்றார்கள்.
வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வந்து
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
என் மேசைக்கு யாரும்
நெருப்புச் சட்டி கொண்டுவரவில்லை.

இன்று இருபத்தெட்டு.
மிச்சமிருக்கும் கலியபெருமாளுக்குச் சம்பளம் போட
விசைப்பலகையில் பெயரைத் தட்டுகிறேன்.
நீளமான பெயர்.
இரண்டு கைக்கும் அதில் வேலை இருக்கிறது.